பதினேழாம் எண்ணுக்கு அளிக்கப்பட்ட பாதுகாப்பு

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு நெலிதா திகோனா வருகைப் பதிவுக் கருவியில் கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. விரலைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். மறுபடியும் சிவப்பு. பதினொரு வருடங்களில் அந்தக் கருவி அவளிடம் இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை.

“எத்தனை தடவை வெச்சாலும் அப்படித்தான் மேடம்,” என்றார் வாசல் காவலர் சபினோ. “மெஷின் நல்லாத்தான் இருக்கு. உங்களைத்தான் எடுத்துட்டாங்க.”

“எடுத்துட்டாங்கன்னா?”

“லிஸ்ட்லேருந்து. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டாக்டரே வந்து உக்காந்து எடுத்தாங்க. உங்க பாதுகாப்புக்காம்.” சொன்ன பிறகுதான் சபினோவுக்கு உறைத்தது. தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார். “நான் ‘உங்க’ன்னா சொன்னேன்? இல்ல மேடம். நான் ஒண்ணும் சொல்லல. யாரு, என்னன்னே எனக்குத் தெரியாது.”

அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் புதிய சுற்றறிக்கை ஒன்று ஒட்டியிருந்தது. கிஸ்காமார்கா குடிநீர் நிறுவனத்தில் பணிபுரியும் ஊழியர் ஒருவர், முறைகேடு குறித்துப் புகார் அளித்து, சட்டப்படியான பாதுகாப்பைப் பெற்றிருக்கிறார். அவருடைய அடையாளம் ரகசியமானது. இனி அவர் 017 என்ற எண்ணால் மட்டுமே குறிப்பிடப்படுவார். நிறுவனத்தின் எல்லா ஆவணங்களிலிருந்தும் அவர் பெயர் நீக்கப்பட்டுவிட்டது. அவர் யாரென்று ஊகிப்பதும், ஊகித்ததைப் பிறருக்குச் சொல்வதும் தண்டனைக்குரிய குற்றம். அனைவரின் வசதிக்காகவும் திருத்தப்பட்ட ஊழியர் பட்டியல் கீழே இணைக்கப்பட்டுள்ளது.

திருத்தப்பட்ட பட்டியலில் அறுபத்திரண்டு பேர் இருந்தார்கள். பக்கத்திலேயே, யாரும் கிழிக்க நினைக்காத பழைய பட்டியலில் அறுபத்து மூன்று பேர். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் சிரமம்கூட யாருக்கும் தேவைப்படவில்லை. புதிய பட்டியலில் ‘ஆய்வுக்கூடம்’ என்று தலைப்பு மட்டும் இருந்தது. அதன் கீழே வெள்ளைக் காகிதம். அந்த நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தது நெலிதா ஒருத்திதான்.

அவள் கேட்டது இதை அல்ல. அவள் கேட்டது, நான்காம் எண் கிணற்றை மூடவேண்டும் என்பது.

நான்காம் கிணறு ஊருக்கு மேலே, ஒரு புல்லும் முளைக்காத சரிவில் இருக்கிறது. ஆல்தோ எஸ்பெரான்சா குடியிருப்பு முழுவதும் அதைத்தான் குடிக்கிறது. நெலிதாவும் அங்கேதான் இருக்கிறாள். தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே மழலையர் பள்ளி. எண்பது குழந்தைகள். பிப்ரவரியில் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஆர்சனிக் நஞ்சை அளந்தபோது லிட்டருக்கு 0.047 மில்லிகிராம் வந்தது. 0.01க்கு மேல் போனால் குடிக்கக்கூடாது. அவள் கருவியைச் சரிபார்த்து இன்னும் இரண்டு முறை அளந்தாள். நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு, பேருந்து ஓட்டுநர் ஒருவர் கையில் ஒரு புட்டி கொடுத்தனுப்பினாள். அவர்களுக்கும் அதேதான் வந்தது. ஆனால் செயல்பாட்டு மேலாளர் பாரியோஸ் கையெழுத்திட்டு அனுப்பிய மாத அறிக்கையில் 0.0047 என்று இருந்தது. கேட்டபோது, தட்டச்சில் நேர்ந்துவிட்டது என்றார். மார்ச்சிலும் நேர்ந்தது. ஏப்ரலிலும் நேர்ந்தது. ஏப்ரலில் அவரே சிரித்துவிட்டார்.

“கிணத்தை மூடினா லாரியில தண்ணி அனுப்பணும், நெலி. லாரி போனா, ஏன் போகுதுன்னு பத்திரிகைக்காரன் கேப்பான். கேட்டா பதில் சொல்லணும். இது எங்க போய் முடியும்னு யோசிச்சுப் பாத்தியா?”

“மூடறதுல போய் முடியும், இஞ்சினியர்.”

“உனக்கு எல்லாமே சுலபம்.”

ஆகவே அவள் நேர்மை அலுவலகத்துக்குப் போனாள். தலைநகர் லீமாவிலிருந்து வந்த உத்தரவுப்படி அந்த அலுவலகம் அந்த ஆண்டு மார்ச்சில் ரிப்பன் வெட்டித் திறக்கப்பட்டிருந்தது. முன்பு அது துடைப்பங்கள் வைத்திருந்த அறை. குளோரின் வாடை இன்னும் போகவில்லை. பொறுப்பாளர் யெசேனியா வில்கா. வயது இருபத்தொன்பது. வக்கீலுக்குப் படித்தவர், ஆகவே டாக்டர். நெலிதா உள்ளே வந்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார். அலுவலகம் திறந்த நாளிலிருந்து அந்தக் கதவைத் தட்டிய முதல் ஆள் அவள்தான். அதற்கு முன் வந்தவர்கள் எல்லோரும் வாளி தேடி வந்தவர்கள்.

“நான் பட்டத்துக்கு எழுதின ஆய்வே இந்தச் சட்டத்தைப் பத்தித்தான்,” என்றார் டாக்டர் யெசேனியா, புகாரை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு. “உங்க மேல ஒரு தூசி விழாது. உங்க பேரை ஒரு உறையில போட்டு அரக்கு வெச்சு இரும்புப் பெட்டியில பூட்டிடுவேன். இனிமே நீங்க பதினேழு.”

“எனக்கு முன்னாடி பதினாறு பேரா?”

“யாருமில்ல. ஒண்ணுன்னு போட்டா முதல் ஆள் யாருன்னு கண்டுபிடிச்சிடுவாங்க இல்லையா? அதான் பதினேழுலேருந்து ஆரம்பிச்சேன்.” அந்த யோசனையில் அவருக்கே ஒரு பெருமை இருந்தது.

மனுவை மூன்று பிரதிகளில் கையெழுத்தும் கைரேகையும் வைத்து முன்கூடத்து மனுப்பெறும் மேசையில் கொடுக்கச் சொன்னார். அங்கே முத்திரை குத்தாத காகிதத்துக்கு அந்த ஊரில் உயிர் கிடையாது. மேசையிலிருந்த பெண் அதை வாங்கி, பதிவேட்டில் ஏறவேண்டும் என்பதற்காக உரக்கப் படித்து எழுதிக்கொண்டாள்: “பொருள், ரகசியம். கொடுத்தவர், நெலிதா திகோனா.” பின்னால் வரிசையில் ஏழு பேர் நின்றிருந்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமை அவள் நேராக யெசேனியாவின் அறைக்குத்தான் போனாள்.

“டாக்டர், என் பேரு எங்க?”

“மெதுவா. உக்காருங்க, பதினேழு.”

“கதவு சாத்தித்தான இருக்கு. பேரு சொல்லியே கூப்பிடலாம்.”

“எனக்கே அனுமதி இல்ல,” என்றார் யெசேனியா வருத்தத்தோடு. “‘எல்லா ஆவணங்களிலும்’னு சட்டத்துல இருக்கு. எல்லா ஆவணம்னா வருகைப் பதிவு ஆவணம்தானே? சம்பளப் பட்டியல் ஆவணம்தானே? நான் ஏதாவது ஒண்ணை விட்டுட்டா, அதை வெச்சு உங்களைக் கண்டுபிடிப்பாங்க.”

“எல்லாத்துலயும் எடுத்ததாலதான் கண்டுபிடிச்சாங்க.”

“யாராவது உங்ககிட்ட வந்து, நீங்கதான் அதுன்னு சொன்னாங்களா?”

நெலிதா யோசித்தாள். யாரும் சொல்லவில்லை.

“பாத்தீங்களா,” என்றார் யெசேனியா. “வேலை செய்யுது.”

ஒரு விதத்தில் வேலை செய்யத்தான் செய்தது. யாரும் அவள் பெயரைச் சொல்வதில்லை. ஆய்வுக்கூடக் கதவில் அவள் பெயர் இருந்த பலகைமீது கறுப்பு ஒட்டுநாடா ஒட்டினார்கள். அது இரங்கல் அறிவிப்பு மாதிரி இருந்ததால் துப்புரவுப் பெண்மணி அதன் கீழே இரண்டு கார்னேஷன் பூக்களைச் செருகிவிட்டுப் போனாள். தொலைபேசியை எடுத்தால் மறுமுனையில், “நான் பேசறது யார்கிட்டன்னு சொல்லிடாதீங்க, விஷயத்தை மட்டும் சொல்றேன்,” என்றார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் அவள் உட்கார்ந்த மேசையிலிருந்து மற்றவர்கள் தட்டோடு எழுந்து போனார்கள். வெறுப்பினால் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்தால் தெரிந்துகொண்டதாக ஆகிவிடுமே என்ற பயம். பத்து வருடம் கூடவே உருளைக்கிழங்கு தின்ற கணக்குப் பிரிவு மார்லேனி மட்டும், தாண்டிப் போகும்போது சுவரைப் பார்த்துச் சொன்னாள்: “யாரோ ஒருத்தி இளைச்சுப்போயிட்டா. யாராயிருந்தாலும் ஒழுங்கா சாப்பிடச் சொல்லுங்க.”

சம்பளம் வரவில்லை. பெயரில்லாத ஆளுக்கு வங்கி பணம் போடாது.

ஒவ்வொரு மாதக் கடைசி வெள்ளியும் அந்த மாதம் பிறந்தவர்களுக்குச் சேர்ந்து ஒரு கேக் வெட்டுவார்கள். நெலிதாவின் மாதம் மே. கேக் வந்தது. வெள்ளைக் கிரீமின் மேல் சாக்லேட்டால் எழுதியிருந்தது: ‘வாழ்த்துகள் ஃபெர்மின், லூர்தெஸ், 017.’ எல்லோரும் கைதட்டிப் பாடினார்கள். மூன்றாவது பெயர் வரும் இடத்தில் அறுபது பேரும் ஒரே சமயத்தில் மூச்சை நிறுத்தி, ஒரு தாளம் விட்டு, மறுபடி பிடித்துக்கொண்டார்கள். ஒத்திகை பார்த்திருப்பார்கள் போல. அவ்வளவு கச்சிதம். வெட்டிய துண்டு ஒன்று மேசையில் மிஞ்சியது. யாரும் அதை அவளிடம் நீட்டவில்லை. யாரும் எடுத்துச் சாப்பிடவும் இல்லை. ஊதாச் சோளச் சாற்றுக் கோப்பைகளுக்கு நடுவே அது மாலைவரை காய்ந்துகொண்டிருந்தது.

பாரியோஸ் மட்டும் சட்டத்தைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார். ஜூன் மாதம் ஒரு காலை அவர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். கூட இரண்டு பேர் பெட்டிகளோடு.

“காலை வணக்கம், சேஞோரா,” என்றார், அறிமுகமில்லாத பெண்மணியை அழைப்பதுபோல. பதினொரு வருடமாக ‘நெலி, நெலி’ என்று கூப்பிட்டவர். “நீங்க யாருன்னு தெரிஞ்சுக்கலாமா?”

“இஞ்சினியர், விளையாடாதீங்க.”

“விளையாட்டா? புகார் குடுத்தவங்களைப் பழிவாங்கக்கூடாதுன்னு சட்டம் சொல்லுது. அதை மீறற ஆள் நான் இல்ல. புகார் குடுத்தவங்க யாருன்னே எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் கூடாது. பட்டியலைப் பாத்தேன். ஆய்வுக்கூடத்துக்கு யாரையும் நியமிக்கல. ஆனா இங்க யாரோ ஒரு அம்மா உக்காந்து குழாயில என்னமோ ஊத்திக்கிட்டிருக்காங்க. குடிநீர் சம்பந்தப்பட்ட இடம், சேஞோரா. முன்பின் தெரியாதவங்களை எப்படி விடறது?”

பின்னால் நின்ற இருவரில் ஒருவன் சிரிப்பை அடக்க இருமினான்.

“ரொம்ப வருத்தமாத்தான் இருக்கு,” என்று தொடர்ந்தார் பாரியோஸ். “முகத்தைப் பாத்தா நல்ல குடும்பத்துப் பொண்ணு மாதிரி இருக்கீங்க.”

அவளுடைய மேல்சட்டை, கண்ணாடி, கரண்டி, அம்மாவின் படம், பூனைப் படம் போட்ட கோப்பை எல்லாம் ஒரு பெட்டியில் போடப்பட்டன. தண்ணீர் மாதிரி எடுக்கும் தோள்பையை அவளே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. பெட்டியின் மேல் யாருடையது என்று எழுத முடியாததால் ‘உரிமை கோரப்படாதவை’ என்று எழுதினார்கள். வாசலில் சபினோ, பார்வையாளர் பதிவேட்டில் அவள் வெளியேறியதைக் குறிக்க முடியாமல் தவித்தார். உள்ளே வந்ததாகவே பதிவு இல்லையே.

“வெளியேவும் விட முடியல, உள்ளயும் விட முடியல,” என்றார் அவர். “கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். அதுக்குள்ள போயிடுங்க.”

புகாரை நெலிதா கைவிடவில்லை. ஒன்றும் தேவையில்லை, கிணறு மூடப்பட்டால் போதும் என்று யெசேனியாவிடம் போய் நின்றாள். யெசேனியா ஏற்கெனவே அறிவிப்புப் பலகையில் ஒரு அழைப்பாணை ஒட்டியிருந்தார். 017 நேரில் ஆஜராகி, தன் புகாரை உறுதிசெய்யவேண்டும். பதினைந்து வேலை நாள் அவகாசம்.

“வந்துட்டேன்,” என்றாள் நெலிதா.

“நீங்கதான் பதினேழுன்னு காட்டணும்.”

“அடையாள அட்டை இருக்கு.”

“அதுல உங்க பேரு இருக்கும். பேருக்கும் பதினேழுக்கும் சம்பந்தம் இருக்குன்னு சொல்ற காகிதம் அந்த உறைக்குள்ள இருக்கு.”

“உறையைப் பிரிங்க.”

“பிரிச்சா ரகசியம் போயிடும். பதினேழோட எழுத்துமூலச் சம்மதம் வேணும்.”

“குடுங்க, எழுதித் தர்றேன்.”

“கையெழுத்துப் போடணும். கைரேகை வைக்கணும். போட்டா, கையெழுத்துப் போட்டது யாருன்னு தெரிஞ்சிடும். அதுக்கு முன்னாடியே சம்மதம் வாங்கியிருக்கணும்.” யெசேனியா பேச்சை நிறுத்தினார். தான் சொன்னதைத் தானே ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப்பார்ப்பது அவர் முகத்தில் தெரிந்தது. “ஆய்வு எழுதும்போது இந்த இடம் எனக்குத் தோணவே இல்ல,” என்றார் தணிந்த குரலில்.

“டாக்டர், நான் புகார் குடுத்தப்போ எதிர்ல உக்காந்திருந்தது நீங்க. வாங்கினது நீங்க. என் மூஞ்சி உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்,” என்றார் யெசேனியா. கண் கலங்கிவிட்டது. “ஆனா தெரியும்னு எழுத எனக்கு அதிகாரம் இல்ல.”

பதினைந்து நாள் கழிந்தது. தினமும் நெலிதா போய் எதிரே உட்கார்ந்தாள். தினமும் யெசேனியா ‘017 ஆஜராகவில்லை’ என்று எழுதி, அவளுக்கு ஒரு கோப்பை தேநீர் கொடுத்தார். பதினாறாம் நாள் புகார், உறுதிசெய்யப்படாத காரணத்தால் கோப்பறைக்கு அனுப்பப்பட்டது.

“ஒரே ஒரு நல்ல செய்தி,” என்றார் யெசேனியா, உண்மையிலேயே ஆறுதல் சொல்ல விரும்பியவராக. “புகார்தான் போச்சு. உங்க பாதுகாப்பு போகல. அதுக்குக் காலக்கெடுவே கிடையாது. சாகிறவரைக்கும் உங்க பேரை எந்த ஆவணத்துலயும் யாரும் எழுத முடியாது. எழுதினா அபராதம், பதவி நீக்கம்.”

“எந்த ஆவணத்துலயுமா?”

“எந்த ஆவணத்துலயும்.”

“நான் ஏதாவது தப்பு செஞ்சா?”

“அதையும் எழுத முடியாது,” என்றார் யெசேனியா. பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார். யெசேனியா மெல்ல எழுந்து, சட்டப் புத்தகத்தை எடுத்துத் தன் பக்கமாகத் திருப்பிவைத்துக்கொண்டார், படிப்பதுபோல. “நான் இப்போ மதிய சாப்பாட்டுக்குப் போறேன்,” என்றார். மணி ஒன்பதரைதான் ஆகியிருந்தது.

நெலிதா மேலே போகும் சிற்றுந்தில் ஏறினாள். பத்தரை மணி வெயிலில் நான்காம் கிணற்றின் வேலிக்கதவைத் தட்டினாள். கிணற்றுக் காவலாளி ஹிலாரியோ, வானொலியில் கால்பந்து கேட்டுக்கொண்டு, அவகாடோவைப் பிளந்து ரொட்டியில் தடவிக்கொண்டிருந்தார்.

“வா தாயி. நீதான் இப்போ இல்லன்னு கேள்விப்பட்டேன்.”

“இல்லதான், ஹிலாரியோ. வால்வுச் சாவி எங்க?”

“சுவத்துல மாட்டியிருக்கு. எதுக்கு?”

“மூடப்போறேன்.”

அவர் ரொட்டியை வாயருகே வைத்தபடியே நிறுத்தினார். “யாரு உத்தரவுன்னு புத்தகத்துல எழுதணுமே.”

“எழுதுங்களேன் பாப்போம்.”

ஹிலாரியோ பேனாவை எடுத்தார். தேதி எழுதினார். நேரம் எழுதினார். பேனா நின்றது. அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. “அடியே,” என்றார். “எழுத முடியாதுல்ல?”

“முடியாது.”

“அப்போ நான் யாரையும் பாக்கல. இது காத்துதான்.” எழுந்து வந்து, சாவியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். “ஆனா காத்து தனியா இதைத் திருப்பாது. வருஷக்கணக்கா துருப் பிடிச்சுக் கிடக்கு. அந்தப் பக்கம் காலை ஊணிக்க.”

மோட்டாரை நிறுத்தி, வால்வை மூடி, நெலிதா தோள்பையிலிருந்து எண் பொறித்த ஈய முத்திரையை எடுத்தாள். ஆய்வுக்கூடம் கிணறுகளை மூடும்போது கம்பியில் கோத்து இறுக்கும் முத்திரை. அதைப் பூட்டினாள். ‘குடிக்கத் தகுதியற்றது. ஆர்சனிக் 0.047’ என்று எழுதிய அட்டையைக் கட்டினாள். எண்ணைப் பெரிதாக, புள்ளியைத் தடிமனாக எழுதினாள்.

மதியம் பாரியோஸ் போலீஸ் சார்ஜென்டை அழைத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே மோட்டார் ரிக்ஷாவில் யெசேனியா, புத்தகத்தோடு. நெலிதா எங்கும் போகவில்லை. தொட்டியின் நிழலில் ஹிலாரியோவின் மீதி ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“நாசவேலை!” என்றார் பாரியோஸ். “எழுதுங்க சார்ஜென்ட்.”

“யாரு செஞ்சது?”

பாரியோஸின் விரல் நெலிதாவை நோக்கி உயர்ந்தது. வாயும் திறந்தது.

“இஞ்சினியர், பாத்து,” என்றார் ஹிலாரியோ. “பதவி நீக்கமாம்.”

“இவங்களை உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார் சார்ஜென்ட்.

“பதினொரு வருஷமா...” என்று ஆரம்பித்த பாரியோஸ், யெசேனியா பேனாவைத் திறக்கும் சத்தம் கேட்டு நிறுத்தினார். “தெரியாது. யாரோ ஒரு பொம்பளை.”

“அம்மா, உங்க பேரு?”

“சொல்லாதீங்க!” என்று கத்தினார் யெசேனியா. ரிக்ஷாவிலிருந்து ஓடிவந்த மூச்சிரைப்பு இன்னும் அடங்கவில்லை. “சார்ஜென்ட், இவங்க பாதுகாக்கப்பட்டவங்களா இல்லையான்னு நான் சொல்ல முடியாது. ஆனா ஒருவேளை அப்படி இருந்து, அவங்க பேரை நீங்க எழுதினீங்கன்னா, நாளைக்கு லீமாவுக்குப் பதில் சொல்லவேண்டியது நீங்க.” அவர் கன்னங்கள் சிவந்திருந்தன. ஏழு வருடம் படித்த சட்டம் கண்ணெதிரே எழுந்து நடப்பதை முதல்முறையாகப் பார்க்கிற முகம் அது.

சார்ஜென்ட் லீமா என்ற சொல்லைக் கேட்டதும் பேனாவை மூடினார். “அடையாளம் தெரியாத நபர்கள்,” என்று முணுமுணுத்தபடி வேறு பேனாவால் எழுதினார். “எத்தனை பேரு?”

“காத்து,” என்றார் ஹிலாரியோ.

“சரி, அது போகட்டும். முத்திரையை உடைச்சுத் திறங்க!” என்றார் பாரியோஸ்.

சார்ஜென்ட் குனிந்து முத்திரையைப் பார்த்தார். “நிறுவனத்தோட முத்திரை. எந்த ஆணையின்படி மூடினதுன்னு காகிதம் குடுங்க, அதை ரத்து பண்ணி இன்னொரு காகிதம் குடுங்க, திறக்கலாம்.”

“ஆணையே கிடையாது! யாரோ மூடியிருக்கா!”

“அப்போ ரத்து பண்ணவும் எதுவுமில்ல. உங்களுக்கு அவசரம்னா நீங்களே உடைங்க, இஞ்சினியர். நான் தடுக்கல. ஆனா யாரு உடைச்சதுன்னு எழுதணும்.” சார்ஜென்ட் முதல் பேனாவைத் திறந்தார். “உங்க பேரு எனக்குத் தெரியும்.”

பாரியோஸ் அந்த ஈயத் துண்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அட்டையில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தார். பிறகு தன் வண்டியில் ஏறினார்.

அன்றிலிருந்து ஆல்தோ எஸ்பெரான்சாவுக்கு இரண்டாம் கிணற்றுத் தண்ணீர் லாரியில் வருகிறது. ஏன் வருகிறது என்று பத்திரிகையாளர் ஒருவர் கேட்டதற்கு, பராமரிப்பு என்று நிறுவனம் பதில் சொன்னது. செவ்வாய், வியாழன், சனி. பள்ளிக்குத்தான் முதலில் ஊற்றுவார்கள். அப்புறம் தெருத் தெருவாக.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை நெலிதா நான்கு வாளிகளோடு வரிசையில் நின்றாள். முன்னால் பக்கத்து வீட்டு அஸுந்தா, பின்னால் பள்ளியின் சமையற்காரி. நிறுவனத்தில் யாரும் அவளை வேலையிலிருந்து நீக்கியிருக்கவில்லை. பெயரில்லாத ஆளை நீக்க முடியாது. காலையில் சந்தை முனையில் எமோலியென்ட் என்னும் மூலிகைக் கஷாய வண்டி தள்ளுகிறாள். தண்ணீரைக் கொதிக்கவைப்பது மட்டும்தான் பழைய வேலையிலிருந்து கூட வந்தது.

பாரியோஸ் அந்த வரிசையைத் தேடிக்கொண்டு நடந்தே வந்தார். காலணியெல்லாம் புழுதி. வயது கூடிவிட்டது போலிருந்தது. அவளைக் கண்டதும் ஓரமாக அழைத்தார். அவள் நகரவில்லை. நகர்ந்தால் இடம் போய்விடும். அவர்தான் வாளிகளுக்கு நடுவே வந்து நிற்கவேண்டியதாயிற்று.

“ஒரே ஒரு கையெழுத்து,” என்றார், காகிதத்தை நீட்டி. “பாதுகாப்பு வேண்டாம்னு எழுதிக் குடு. திங்கக்கிழமை வேலைக்கு வந்துடு. மூணு மாசச் சம்பளமும் சேத்துத் தர்றோம். டாக்டர் யெசேனியாவும் பாத்துட்டாங்க, சட்டப்படி சரிதான்.”

நெலிதா படித்தாள். ஒழுங்காகத்தான் இருந்தது. கீழே அவள் முழுப்பெயர் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. நெலிதா எஸ்தெலா திகோனா சோகே. நெடுநாளைக்குப் பிறகு தன் பெயரை அச்சில் பார்க்கிறாள். யாரோ தூரத்து உறவு ஊரிலிருந்து வந்திருப்பதாகச் சொன்ன மாதிரி இருந்தது.

“கையெழுத்துப் போட்டா, கிணத்தை மூடினது யாருன்னு எழுதலாம் இல்லையா?” என்றாள்.

பாரியோஸ் குனிந்து காலணிப் புழுதியைத் தட்டினார்.

“எழுதினா ரத்து பண்ணலாம். திறக்கலாம்.”

“லாரிக்கு எவ்வளவு ஆகுதுன்னு உனக்குத் தெரியாது நெலி.”

“இதுல ஒரு வரி சேத்துடுங்க. நாலாம் கிணத்துல ஆர்சனிக் 0.047ன்னு. கீழ நீங்க போடுங்க கையெழுத்து. உங்களுக்குக் கீழ நான் போடறேன்.”

அவர் பேனாவைக் கையில் வைத்திருந்தார். உண்மையிலேயே ஒரு கணம் யோசித்தார் என்று நெலிதாவுக்குத் தோன்றியது. பேனாமுனை காகிதத்தின் அருகே வரை போனது. பிறகு அவர் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“நீ திருந்தமாட்ட,” என்றார். சரிவில் இறங்கிப் போனார்.

லாரியின் ஹாரன் கேட்டது. வரிசை ஒரு அடி முன்னால் அசைந்தது.

“யாரு அந்த ஆளு?” என்று கேட்டாள் அஸுந்தா. “வரிசையில நடுவுல நுழையப் பாத்தானா?”

“இல்ல. யாரையோ தேடிட்டு வந்தார்.”

“கெடச்சாங்களாமா?”

“கெடைக்கல.”

அஸுந்தா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாளிகளைத் தூக்கினாள். “குழாயத் திருப்பினா தண்ணி வந்திட்டிருந்துச்சு, நிம்மதியா இருந்தோம். அந்த வால்வை மூடின சிறுக்கி மட்டும் என் கையில கெடைக்கட்டும். இந்தச் சரிவுல மேலயும் கீழயும் அவளைச் சுமக்கவெச்சிடுவேன்.”

“சுமந்துட்டுத்தான் இருப்பா,” என்றாள் நெலிதா. “நகருங்க அஸுந்தா, பள்ளிக்கூடத்துக்கு ஊத்தி முடிச்சுட்டாங்க.”